அண்ணியின் முறை

என் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் கரண்டி இன்றும் கிடக்கிறது. அதை எடுத்து யாரும் பரிமாறுவதில்லை, சாப்பிடுவதுமில்லை. கைப்பிடியின் நுனி மட்டும் மழுங்கிப்போயிருக்கிறது. எங்கள் அண்ணி ‘ஆமென்’ சொன்னது அந்தக் கரண்டியால்தான்.

நானும் அவர்களோடு இருந்த நாட்களில், ரிச்சர்ட்ஸ் டவுனில் உள்ள அந்த வீட்டில் தினமும் மாலை குடும்ப ஜெபம் நடக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிப்போம். ஒருவர் ‘ஆமென்’ சொன்ன பிறகுதான் அடுத்தவர் முறை. அண்ணி ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். மாடிவீட்டுக் கன்னடப் பெண்ணின் பரீட்சையிலிருந்து காய்கறி வண்டிக்காரரின் மூட்டுவலி வரை எல்லாவற்றையும் ஆண்டவர் காதில் போட்ட பிறகுதான் ஓய்வார். “உங்க முறை வந்தா சாம்பார் ஆறிடுது அண்ணி” என்று கேலி செய்வேன். “ஆறட்டும். சொல்ல ஆளில்லாதவங்களுக்கு வேற யாரு சொல்றது?” என்பார்.

அப்படிப்பட்டவரின் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நாங்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, அவர்தான் எங்களைத் தேற்றினார். “சத்தம்தானே போவுது. அவரு காது எங்கயும் போவலையே.” அவர் குரலில் என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

வீடு திரும்பியபோது கழுத்தில் ஒரு துளை, அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அந்த வழியாகத்தான் போய்வந்தது. தண்ணீர் வராத குழாயில் காற்று மட்டும் வருவதுபோல ஒரு சீறல். எந்த அறையில் இருந்தாலும் கேட்கும். மறைப்பானேன், எனக்கு அந்தச் சத்தம் பயம்.

முதல் நாள் ஜெபத்தில், அண்ணியால் பேச முடியாதே என்று, அண்ணன் தன் முறையை முடித்துவிட்டு என்னைத் தொடங்கச் சொல்லி முழங்கையால் இடித்தார். நான் வாய் திறப்பதற்குள் மேசையில் ஓங்கி ஒரு அடி. கண்ணைத் திறந்தால் அண்ணி கையில் கரண்டி. கோபத்தில் முகம் சிவந்திருந்தது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அது அவருடைய முறை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் சீறலைக் கேட்டபடி காத்திருந்தோம். முடித்ததும் கரண்டியால் மெல்ல ஒரு தட்டு தட்டினார். அன்றிலிருந்து அவர் தட்டும்வரை யாரும் கண் திறப்பதில்லை என்றானது.

நோய் திரும்பிவிட்டதை எங்களுக்கு முதலில் சொன்னது அந்தக் காத்திருப்புதான். அவர் முறை நீண்டுகொண்டே போனது. சீறலுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. ஒருமுறை திருட்டுத்தனமாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து யாரோ பொறுமையாகக் கேட்பதுபோல லேசாகத் தலையைச் சாய்த்திருந்தார். முகத்தில் கலவரமே இல்லை. நான் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு மழை நாள். அண்ணியின் முறை. சீறல் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. பிறகு கேட்கவில்லை. மழைச் சத்தத்தில் அமுங்கிவிட்டது என்று நினைத்தோம். அவர் ஜெபத்தின் நடுவில் புகக் கூடாது என்று கண்ணை மூடியே இருந்தோம். அடுப்பில் பால் பொங்கித் தீயும் வாசனை வந்த பிறகுதான் அண்ணன் கண் திறந்தார். அண்ணி மேசையில் தலை கவிழ்ந்திருந்தார். கரண்டி கையிலேயே இருந்தது.

“அவ ஆமென் சொல்லலையே” என்றார் அண்ணன். அழுகைக்கு நடுவே அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

தொம்மலூர் அலுவலகம் ஒன்றில் நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசுவதுதான் என் பிழைப்பு. சில மாதங்களாக என் குரல் கம்மிக்கொண்டே வருகிறது. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், சதையைக் கொஞ்சம் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். நாளைக்கு முடிவு வரும். பயமாக இருக்கிறது. அதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்று மாலை அண்ணன் வீட்டுக்கு வந்தேன். மேசையில் நாங்கள் இருவர்தான். அண்ணன் தன் ஜெபத்தை முடித்தார். நான் வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. அண்ணன் என் முறையைத் தாண்டிப் போகவில்லை. கண்ணை மூடியபடியே மேசையைத் தடவிக் கரண்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கையில் எடுத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதெல்லாம் சத்தமில்லாமலே போகத் தொடங்கியது. கேட்கிறவர் இருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் காத்திருக்கிறார். நான் இன்னும் தட்டவில்லை.