சிவப்புப் பல்பைக் கழற்றிய குளிர்காலம்

படிப்பின் ஒரு பகுதியாக நான்கு மாதம் வேலை பழக ஒட்டாவாவுக்குப் போன மகள், தன் பாம்பை எங்களிடம் விட்டுப் போனாள். அவள் தங்கும் வீட்டில் பிராணிகளுக்கு அனுமதியில்லை. யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றுதான் முதலில் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அதைப் பார்த்துத்தான் "நான் பாக்கிறன்" என்றேன். அவள் என்னிடம் எதையும் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது அது உயிரோடு இருக்க வேண்டும்.

அது பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் மண்ணிறச் சிறு மலைப்பாம்பு. பிரெஞ்சு பேசும் லாசாலில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், அவளுடைய அறையில், கண்ணாடித் தொட்டி ஒன்றில் இருந்தது. தொட்டிக்கு மேலே ஒரு சிவப்புப் பல்ப். சூடு அதிலிருந்துதான்.

"பல்ப் எரியுதோ எண்டு மட்டும் பாருங்கோ அப்பா. அது நிண்டா அவருக்குச் செமிக்காது, பேந்து வருத்தம் வந்திடும்."

"ஆரடி அந்த அவர்?" என்றார் என் மனைவி.

மனைவி அந்த அறைக்குள் போவதில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. கதவைச் சற்று நீக்கி வைத்தால் சிவப்பு வெளிச்சம் நடைவரைக்கும் விழும். நான் டோர்வல் விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றும் வேலை. இடைவேளையில் அங்குள்ள பொதுத் தொலைபேசியில் வீட்டுக்கு எடுத்து "எரியுதோ?" என்பேன். "எரியுது" என்பார். ஒருநாள் கீழ்வீட்டு அக்கா கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், அந்த வெளிச்சத்தைக் கண்டு கைகூப்பிக் கும்பிட்டாராம். "சாமியறையை இஞ்சால மாத்திட்டியளோ?" என்று வேறு கேட்டிருக்கிறார். மனைவி ஓம் என்றுவிட்டார். பாம்பென்று சொன்னால் அக்கா பிறகு படியேறுவாரா என்பது அவருடைய கவலை.

ஜனவரியில் பல்ப் போய்விட்டது. வேலை முடிந்து வந்தபோது நடை இருட்டாக இருந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தார். பாம்பைத் தொட்டேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தல் மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தது என்று அறிய வழியில்லை. வேறு பல்ப் போட்டேன். மெல்ல மெல்ல அசைந்தது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. செய்தி பார்க்கும்போது பாதியில் எழும்பி அறைக்குப் போவேன். வேலையில் பெட்டிகள் கன்வேயர் பட்டியில் ஓடி வர, அந்தப் பல்புக்குள் இருக்கும் மெல்லிய கம்பியே நினைவில் நிற்கும்.

பிராணிகள் கடைக்குப் போய், அரைகுறைப் பிரெஞ்சில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இது பழுதாகும்போது எப்படிப் பழுதாகும்? பல்ப் சட்டென்று அணைந்துவிடும். சூடாகும் செயற்கைக் கல் ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும், பாம்பு வயிறு வேகிறதை உணராமல் அதன்மேலேயே படுத்திருக்கும். "மிசியு, வாங்குவதற்கு முதலே உடைக்கிறீர்களே" என்ற கருத்தில் அங்கிருந்த பெண் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

கடைசியில், தொட்டியின் ஒரு பக்கத்து அடியில் ஒட்டும் வலுக்குறைந்த ஹீட் பாட் என்னும் சூட்டுத் தகடு ஒன்றும், அதைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட்டும் வாங்கினேன். பாம்பை வேறு பெட்டியில் விட்டு, தெர்மோஸ்டாட் இல்லாமலே ஒரு பகல் முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தேன். கை தாங்கும் சூட்டுக்கு மேல் ஏறவில்லை. அறையின் சுவரடி ஹீட்டரையும் கூட்டி வைத்தேன். ஒன்று நின்றாலும் மற்றது தாங்கும். பல்பைக் கழற்றினேன்.

ஒன்றைத்தான் நான் யோசிக்கவில்லை.

"வேலை செய்யுதோ?" என்று அடுத்த நாள் இடைவேளையில் கேட்டேன்.

"எனக்கெப்பிடித் தெரியும்? இருட்டாக் கிடக்கு."

அன்று மாலையே வெப்பமானியின் வயரைக் கதவிடுக்கால் இழுத்து, எண் தெரியும் பெட்டியை நடைச்சுவரில் ஒட்டினேன். மறுமுனை தொட்டிக்குள், சூடான பக்கத்தில். அதன்பின் "முப்பத்தொண்டு" என்று தினமும் வாசித்துச் சொன்னார். எண்ணைக் கேட்டால் கொஞ்ச நேரம் நிம்மதி.

பனி கொட்டி விமானங்கள் தாமதித்த ஒரு நாள், "இருபத்தஞ்சு" என்றார்.

ஹீட் பாட் செத்திருக்கலாம். பாம்பு வயரைக் குளிர்ப் பக்கத்துக்குத் தள்ளியிருக்கலாம். நடையில் நின்று சொல்ல முடியாது. என்னாலும் இடைநடுவில் வர முடியாது.

"ஒருக்கா உள்ள போய் அடிக்கண்ணாடியில கை வைச்சுப் பாரும். மூடி பூட்டித்தான் கிடக்கு."

"அது பாக்குமே."

"பாத்தா என்ன?"

"நீங்கள் அங்கை நிண்டு லேசாச் சொல்லுவியள்."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி மட்டும் கேட்டது. என் பின்னால் தொலைபேசிக்கு நின்றவர் இரண்டு தடவை செருமினார்.

"சுடுது," என்றார் திரும்பி வந்து.

"எவ்வளவு?"

"தோசைக்கல்லுக் காயத் துவங்கேக்க இருக்கிற மாதிரி. உங்கட வயரைத் தள்ளித் தண்ணிக் கோப்பைக்குள்ள போட்டிருக்கு. தான் சூட்டுப் பக்கத்தில சுகமாப் படுத்திருக்கு."

"நீர் நிண்டு பாத்தனீரோ?"

"பின்ன, கண்ணை மூடிக்கொண்டே பாக்கிறது?"

அந்த வாரம் மகள் தொலைபேசி எடுத்தபோது, பகலில் யார் பார்க்கிறது என்று கேட்டாள். அம்மா என்றேன். "பொய் சொல்லாதேங்கோ அப்பா" என்றாள். மனைவி ரிசீவரை வாங்கினார். "உன்ர அவர் இப்ப சிவப்பு லைட் இல்லாமல் நல்லா நித்திரை கொள்ளுறார். கீழ்வீட்டு அக்காதான் ஏன் சாமிக்கு விளக்கில்லையெண்டு கேட்டுக் குடையிறா."

வயரை நான் நன்றாக ஒட்டிவிட்டேன். எண் பழையபடி வந்தது. ஆனால் மறுநாள் இடைவேளையில் கேட்டபோது, "கை வைச்சுப் பாத்தனான், சரியாத்தான் இருக்கு" என்றார்.

"நம்பர் எத்தினை?"

"நம்பரைப் பாக்கேல்லையப்பா."

பட்டிக்குத் திரும்பினேன். பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. தோசைக்கல் காயத் துவங்கும்போது எத்தனை பாகை வெப்பம் இருக்கும் என்று ஒவ்வொன்றாக ஏற்றியபடி யோசித்தேன். திரும்ப ஒருதரம் எடுத்துக் கேட்கக் கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை.