பூசிக்கொண்டு போன பயம்

போன வாரம் என் பத்தி வரும் இந்த இடத்தில் வேறு ஏதோ செய்தி போட்டிருந்தார்களே, உங்களுக்கு உடம்பு முடியவில்லையா என்று சில வாசகர்கள் விசாரித்திருக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பயம்தான். பேனாவைப் பிடிக்க முடியாத அளவுக்குப் பயம்.

எதற்கு என்று சொல்கிறேன்.

நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவள். இருபது வருடங்களுக்கும் மேலாக ஒரே மிஷினுக்கு முன்னால் நின்றேன். நான் நின்ற இடத்தைக் கிளீன்ரூம் என்பார்கள். தூசியே இருக்கக்கூடாத அறை. உடம்பு முழுக்க வெள்ளை உடை, தலைக்கு ஹூட், வாய்க்கு மாஸ்க், கைக்குக் கையுறை. கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும்.

கூச்ச சுபாவமுள்ள ஒருத்திக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா?

நான் சிரிக்கிறேனா, முழிக்கிறேனா என்று எவருக்கும் தெரியாது. பேசவேண்டியதைக் கை ஜாடையிலேயே பேசிவிடலாம். இந்தப் பத்தியும் அப்படித்தானே... நீங்கள் என்னைப் படிக்கிறீர்கள், பார்ப்பதில்லை. எனக்கு அது போதும்.

இரண்டு மாதங்களுக்கு முன் அந்த மிஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். புதிதாக வந்த மிஷினுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கத் தேவையில்லை. எங்கள் வரிசையில் பாதிப் பேர் கம்பெனி கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். என்னைச் சூப்பர்வைசர் மோகன் கூப்பிட்டார். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர்.

"லைன்ல இனி உங்களுக்கு இடம் இல்லக்கா. ட்ரெய்னரா வர்றீங்களா? புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். ஒரு பேட்ச் பாப்போம். சரிப்பட்டா இருங்க."

சரிப்படாவிட்டால்? அதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். "நீ நாலு பேரு முன்னால பேசப்போறியா? நம்ம கல்யாண ரெஜிஸ்தர் அன்னைக்கு உன் பேரையே அந்த ஆளு மூணு தடவ கேட்டான்லா" என்றார். அதற்கு மேல் அவரும் சிரிக்கவில்லை. அவருக்கு இடுப்பு வலி. லோரி இன்னும் எத்தனை நாளைக்கு என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்த, ஆனால் பேசாத விஷயம்.

ஐம்பது வயதுக்குமேல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது கஷ்டம் என்கிறார்கள். அது அவ்வளவு கஷ்டமில்லை. கற்றுக்கொள்வதை நாலு பேர் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். இள வயதில் தடுமாறினால் 'புதுசு' என்பார்கள். இந்த வயதில் தடுமாறினால் 'முடிஞ்சுபோச்சு' என்பார்கள். என்னுடைய பயமெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

அந்த நாள் வந்தது.

கம்பெனி பஸ் நிற்கும் முச்சந்தியில் ஒரு முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. மற்ற நாட்களில் நின்ற இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போடுவேன். அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். திருநீற்றை அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். கொஞ்சம் தைரியம் வந்தது மாதிரிகூட இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கிளீன்ரூமுக்குள் பவுடர் கூடாது, மை கூடாது, சென்ட் கூடாது. கண்ணுக்கே தெரியாத ஒரு துகள் நாங்கள் செய்யும் கம்ப்யூட்டர் சிப் தகட்டின்மேல் விழுந்தால், அந்தத் தகடு குப்பைக்குத்தான். அதனால் எங்கள் பெண்கள் லாக்கருக்கு வந்ததும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவார்கள். திருநீறு, குங்குமம் எல்லாவற்றையும் கழுவிவிடுவார்கள். வேலை முடிந்ததும் பொட்டு திரும்ப நெற்றிக்கு வரும். யோசிக்காமல் கை தானாகச் செய்கிற காரியம்.

அன்று நான் லாக்கருக்கே போகவில்லை. பேசவேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே நேராகப் பயிற்சி அறைக்குப் போய்விட்டேன்.

உள்ளே மலாய்ப் பெண்கள் சிலர், நேப்பாளத்து இளைஞர்கள் இரண்டு பேர், ஒரே ஒரு தமிழ்ப் பெண். பெயர் பார்வதி. வயது நாற்பத்தைந்து இருக்கும். செர்டாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டுக்கொண்டிருந்தவர். கணவர் இறந்த பிறகு தோட்டத்து வீட்டைக் காலி செய்யவேண்டி வந்து, பிள்ளைகளோடு தங்கை வீட்டில் இருக்கிறாராம். அவருக்கு இதுதான் முதல் ஃபேக்டரி வேலை. அந்த அறையில் என்னைவிடப் பயந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

மலாயில் பேசவேண்டும். பாசாரில் மீன்காரரிடம் சரளமாக வருகிற மலாய், இப்படி முன்னால் போய் நின்றால் எங்கே ஒளிந்துகொள்கிறதோ! தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பவுடர் கூடாது. கிரீம் கூடாது. முகத்தில் ஒன்றுமே இருக்கக்கூடாது. சொல்லச் சொல்ல எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். கவனமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு உடை மாற்றும் அறை. அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. மாட்டியது சரியா என்று அதில் பார்த்துக்கொள்வது வழக்கம். என் பயந்த முகத்தை நானே பார்க்கவேண்டாம் என்று அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஹூட்டை இழுத்துப் புருவம்வரை மாட்டினேன். அப்பாடா என்று இருந்தது. இனி யாரும் என்னைப் பார்க்க முடியாது.

பார்வதிக்கு ஹூட் சரியாக மாட்ட வரவில்லை. உதவி செய்யப் போனேன். அவர் நெற்றியில் பளிச்சென்று திருநீறு.

"பார்வதி, முகத்துல ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க வச்சிருந்தீங்களேக்கா. பவுடர்தான் கூடாது, சாமி துண்ணூறு பரவால்ல போலன்னு நெனச்சேன்..."

என் கை தானாக என் ஹூட்டின் நெற்றிப் பக்கம் போனது.

அறையே பார்த்திருக்கிறது! மலாய்ப் பெண்கள், சமய விஷயம், கேட்டால் தப்பு என்று மரியாதைக்குப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். 'முகத்தில் ஒன்றும் கூடாது' என்று நெற்றி நிறையப் பூசிக்கொண்டு நின்று பாடம் நடத்தியிருக்கிறேன்.

உள்ளே போகும் கதவுக்கு மேலே, நுழையலாம் என்கிற பச்சை விளக்கு எரிந்துவிட்டது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மோகன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன், மறைக்கத்தான் முதலில் தோன்றியது. பார்வதியை மட்டும் கழுவச் சொல்லிவிடலாம். என் நெற்றி ஹூட்டுக்குள் இருக்கிறது. யாருக்குத் தெரியும்?

ஆனால் துகள் அந்த ஹூட்டின் ஓரத்தில் கசிந்து தகட்டில் விழுந்தால்? யாரால் என்று தேடுவார்கள். இத்தனை வருடம் ஒரு தப்பும் செய்யாத என்னையா பிடிப்பார்கள்? முதல் நாளே திருநீறோடு வந்த பார்வதியைத்தான் பிடிப்பார்கள். தங்கை வீட்டுக்குத் திரும்பிப் போய் அவர் என்ன சொல்லுவார்? அதை நினைத்தபோது வந்த பயம், என்னைப் பற்றிய பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு பயம் இன்னொரு பயத்தைத் தள்ளிவிட்டது. தைரியம் என்று தனியாக எதுவும் வரவில்லை.

ஹூட்டைக் கழற்றினேன். மாஸ்க்கையும் கழற்றினேன்.

"சாயா சாலா" என்றேன். என் தப்பு. குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இது சாமி திருநீறு, சாம்பல், சாம்பல் என்றால் தூசி. கழுவ மறந்தது நான், இவர் என்னைப் பார்த்துக் கழுவாமல் விட்டுவிட்டார் என்று தெரிந்த மலாயில் சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் தொட்டியில் முகம் கழுவினேன். பக்கத்தில் பார்வதியும் கழுவினார்.

நிமிர்ந்தபோது ஒரு மலாய்ப் பெண் கையைத் தூக்கினாள். தன் உதட்டிலும் கொஞ்சம் சாயம் இருக்கிறது என்றாள். இன்னொருத்தி பேசாமல் டிஷ்யூவை எடுத்தாள். நேப்பாளத் தம்பி ஒருவன் தலையைத் தடவிக்கொண்டே தயங்கினான். ஜெல்! எல்லாரும் தொட்டி முன்னால் வரிசையில் நின்றார்கள்.

மோகன் உள்ளே வந்தார். "என்னாக்கா இது, எல்லாரையும் குளிக்க வச்சுத்தான் அனுப்புவீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "ரிப்போர்ட்ல போடணும்லாக்கா. போடாம இருக்க முடியாது" என்றார். போடுங்கள் என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மறைச்சிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

"தோணுச்சு."

"சரி வுடு. வேற வேல பாப்போம்" என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கிண்டல் செய்திருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு காத்திருந்த வாரம்தான் நீங்கள் என்னைக் காணாத வாரம். போன் அடித்தால் திடுக்கிடுவேன். பஸ்ஸில் யாராவது என்னைப் பார்த்தால், தெரிந்திருக்குமோ என்று தோன்றும். அந்த வாரம் முழுதும் அதே குழுவுக்குப் பாடம் நடத்தினேன். எப்படி நடத்தினேன் என்று கேட்காதீர்கள். வாய் ஒரு பக்கம் பேசியது, மனம் மோகனின் அறைக் கதவிலேயே இருந்தது.

கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவே நல்ல சகுனமில்லை.

மேலே உள்ளவர்கள் என்னைப் பற்றிய ரிப்போர்ட்டைப் படித்தார்களாம். எச்சரிக்கை என்று என் பெயரில் ஏறியிருக்கிறது. இனி ஒருமுறை நடந்தால் மன்னிப்புக் கிடையாது. இதைச் சொல்லிவிட்டு, மேசையில் இருந்த எதையோ நகர்த்திக்கொண்டே அவர் சொன்னார்: "ஆனா அந்த பேட்ச்ல முதல் நாளுக்கு அப்புறம் ஒருத்தர்கூட முகத்துல எதையும் போட்டுக்கிட்டு வரலக்கா. எனக்குத் தெரிஞ்சு அப்படி இருந்ததே இல்ல. அடுத்த பேட்சையும் நீங்களே எடுத்துக்குங்க."

பார்வதி தேறிவிட்டார். இப்போது மாலை சிப்டு.

நான்? ஆளே மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். மாறவில்லை. மாறிய ஒன்றே ஒன்று, பயம் போன பிறகுதான் ஒரு காரியத்தைச் செய்யவேண்டும் என்று இத்தனை வருடம் காத்திருந்தேனே, அந்தக் காத்திருப்பு முடிந்துவிட்டது.

அடுத்த குழு செவ்வாய்க்கிழமை வருகிறது. இப்போதே தொண்டை வறண்டுபோகிறது. வறண்ட தொண்டையிலிருந்தும் குரல் வருகிறது — அதைக் கேட்டுவிட்டேன்.