இரும்பில் கடைந்த பெயில்கள்

அண்ணா வந்து சைக்கிளை நிறுத்தியபோது அவருடைய சட்டைப்பை ஒரு பக்கமாக இழுபட்டுத் தொங்கியது. கையை விட்டு இரண்டு பெயில்களை எடுத்துக் குசினி மேசையில் வைத்தார். கிரிக்கெட் ஸ்டம்புகளின் தலையில் குறுக்காகக் கிடக்கிற அந்தச் சின்னக் கட்டைகள் மரத்தில்தான் இருக்கவேண்டும். இவை இரும்பு. கட்டடக் கம்பியை வெட்டி, கடைச்சல் பட்டறையில் கொடுத்துக் கடைந்து, மரநிறத்தில் பெயின்ற் அடித்திருந்தார்கள். ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன அண்ணா, தேங்காய் உடைக்கவோ?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். இரண்டு கண்களோடும் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

விசுவமடுப் பக்கம் ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கூரைத் தகரமே நிலைகொள்ளாது. மரப் பெயில் எந்த மூலைக்கு? பந்து வீச ஓடிவருகிறவர் பாதி வழியில் நிற்பார், அம்பயர் குனிந்து பெயிலைப் பொறுக்கி வைப்பார், திரும்பி நடக்க முதல் அது மறுபடி விழும். கிரவல் தரையில் அலவாங்கால் குழி போட்டு இறுக்கிய ஸ்டம்ப் அசையாமல் நிற்கும். பெயில்தான் நிற்காது. இதற்கு உலகம் முழுவதும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காற்று கூடினால் இரண்டு அம்பயர்களும் கதைத்து, பெயிலே இல்லாமல் விளையாட விடலாம். ஸ்டம்பில் பந்து பட்டதா இல்லையா என்று அம்பயர் பார்த்துச் சொன்னால் போதும். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகமும் காற்றுக் காலத்தில் அப்படித்தான் விளையாடி வந்தது. ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

அந்த முறை இறுதிப் போட்டியை வீடியோ எடுக்க ஆள் பிடித்திருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் முகநூலில் பார்க்கப்போகிறார்கள் என்று கழகத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. இரும்புப் பெயில் அவருடைய யோசனை. அண்ணா விக்கெட் கீப்பர். ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி இருக்கிறவருக்குத்தானே அது எங்கே பறக்கும் என்று தெரியும்? அவர் போய்ச் சொன்னார்: "தலைவர், உது ஆபத்து. காத்துக்குப் பெயில் இல்லாமலே விளையாடுவம். அம்பயரும் அதைத்தான் சொல்லுறார்." தலைவர் சொன்ன பதிலை அண்ணா அன்றே வீட்டில் வந்து சொல்லிக் காட்டினார். "ஃபைனலில மொட்டை ஸ்டம்ப்பைக் காட்டச் சொல்லுறியோ? பாக்கிறவன் காறித் துப்புவான். பயமெண்டா தள்ளி நில்லன்." சொல்லிவிட்டு, போட்டிக்குப் பத்திரமாகக் கொண்டுவரும்படி பெயில்களையும் அண்ணாவின் கையிலேயே கொடுத்திருக்கிறார். கழகத்தில் மற்றவர்களுக்கு வாய் இருக்கவில்லையா? இருந்தது. தலைவருக்கு முன்னால் அது திறக்காது.

தள்ளி நில் என்று சொல்வது சுலபம். எதிரணித் துடுப்பாட்டக்காரர் கோட்டை விட்டு வெளியே வந்து வந்து அடித்துக்கொண்டிருந்தபோது, அவரை ஸ்டம்பிங் செய்யக் கிட்டப் போய் நில் என்று அண்ணாவிடம் சொன்னது அணித்தலைவர். அதைச் சொல்லும்படி அவரை ஏவியது எல்லைக்கோட்டுக்கு வெளியே கதிரை போட்டு இருந்த கழகத் தலைவர். அண்ணா ஸ்டம்பை ஒட்டிக் குந்தினார். வேகப்பந்து நேராக ஸ்டம்பின் தலையில் அடித்தது. ஒரு பெயில் நிலத்தில் விழுந்தது. மற்றது அண்ணாவின் இடது கண்ணில் விழுந்தது.

நான் அன்று ரியூசன் வகுப்பில் இருந்தேன். யாரோ வந்து கூப்பிட்டு, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணாவை அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். அங்கே கண்ணை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டார்கள் என்று இத்தனை லேசாக எழுத முடிகிறதே என்று இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அண்ணா ரிப்பர் லொறி ஓடப் பழகி, கனரக வாகன லைசென்ஸுக்கு எழுதிப்போட்டிருந்தார். பஸ் ஓடவேண்டும் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். முல்லைத்தீவு பஸ்ஸில் எங்கே ஏறினாலும் சாரதிக்குப் பின்னால் இருக்கிற இருக்கைதான் வேண்டும். ஒற்றைக் கண்காரருக்குப் பஸ்ஸை யார் கொடுப்பார்கள்? இன்றைக்கும் அவர் சீமெந்துக் கல்லை அச்சில் போட்டு அரிகிற இடத்தில் கல் அரிந்துகொண்டிருக்கிறார்.

தலைவர் ஒரு முறை வீட்டுக்கு வந்தார். பிஸ்கற் பெட்டியும் சோடாவும் கொண்டுவந்தார். எங்கள் அப்பாவின் ஆட்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அதை மனதில் வைத்துத்தான் அம்மாவிடம் அப்படிச் சொன்னார். "உங்கட ஆக்கள் கஷ்டத்துக்குப் பழகின ஆக்கள்தானே அக்கா, பெடியன் சமாளிச்சிடுவான். விளையாட்டெண்டா இப்பிடி ஒண்டு ரெண்டு நடக்கும்." அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. நான் அந்தக் கோப்பையைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்திருக்கவேண்டும். அண்ணா கட்டுப்போட்ட முகத்தோடு உள்ளேயிருந்து, "தங்கச்சி, அவருக்குக் கதிரையை எடுத்துப் போடு" என்றார்.

பிறகு ஊரில் ஒரு கதை பரவியது. பந்து துள்ளிக் கண்ணில் பட்டதாம். பெயில் என்ற சொல் யாருடைய வாயிலும் இல்லை. அணி அந்தக் கிண்ணத்தை வென்றது. அண்ணாவை ஏற்றிப் போனபிறகும் ஆட்டம் நடந்ததென்று எனக்குத் தெரியும். வீடியோவும் வந்தது. ஒவ்வொரு வருடமும் சுற்றுப்போட்டி தொடங்கும்போது கழகத்து முகநூலில் அதைப் போடுகிறார்கள். பந்து வருகிறது, ஸ்டம்ப் சாய்கிறது, பெயில் மெதுவாக, மிக மெதுவாக, பாட்டோடு மேலே எழுகிறது. அந்த இடத்தில் வெட்டிவிடுவார்கள். கீழே பின்னூட்டத்தில் ஆட்கள் நெருப்புப் படங்களாகப் போட்டு நிரப்பியிருப்பார்கள். முதல் வருடம் நான் அதன் கீழே எழுதினேன், "இந்தப் பெயில் எங்கே போய் விழுந்தது என்றும் காட்டுங்கள்" என்று. அழித்துவிட்டார்கள். அடுத்த வருடமும் எழுதினேன். என்னைத் தடைசெய்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், தலைவரில் எனக்கு இருக்கிற கோபத்துக்குக் குறையாத கோபம் அண்ணாவிலும் இருந்தது. வாய் திறந்து ஒரு சொல் சொல்லமாட்டார். நான் கத்தினால், "விடு தங்கச்சி" என்பார். கோயில் திருவிழாவில் தலைவரைக் கண்டால் தலையாட்டுவார். எப்படி முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு மனிதனுக்கு அவ்வளவு பொறுமை இருக்கக்கூடாது. அது மற்றவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது.

இப்போது நான் துணுக்காய்ப் பக்கம் ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. இந்த வருடம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கிரிக்கெட் அணி சேர்த்திருக்கிறோம். எங்கள் கீப்பர் பத்தாம் வகுப்புப் பிள்ளை. ஸ்டம்பை மூக்கால் முட்டுகிற மாதிரிக் கிட்ட நிற்பாள். தள்ளி நில் என்றால் முறைப்பாள். அவளை நினைத்துத்தான் ஸ்டம்ப் வாங்கப் போகும்போது அண்ணாவையும் வரச்சொன்னேன். வருவார் என்று நினைக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கடை வாசலில் நின்றார்.

கிளிநொச்சியில் அந்தக் கடை முதலாளிக்கு அண்ணாவின் வயதுதான் இருக்கும். நல்ல மனிதர். எல்லாவற்றையும் இறக்கிக் காட்டினார். பிளாஸ்ரிக் ஸ்டம்ப் வெயிலில் வெடித்துப்போகும் என்று அண்ணா ஒதுக்கினார். கிரவல் தரையில் தினமும் குழி தோண்டிக்கொண்டிருக்க முடியாது, பயிற்சிக்கு அடியில் தட்டும் சுருள் கம்பியும் வைத்த ஸ்டம்ப் போதும், விழுந்தாலும் தானாக நிமிரும் என்றார். போட்டிக்கு மரம். ஒவ்வொன்றாக எடுத்துத் பெயில் இருக்கிற தலைப்பள்ளத்தை விரலால் தடவி, சிராம்பு இருந்ததைத் திருப்பிக் கொடுத்தார். அவர் ஸ்டம்பைத் தொட்டு நான் பார்த்தது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

பெயிலுக்கு வந்தபோது முதலாளி ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று உலோகப் பெயில்கள்.

"இது எங்கட பக்கத்துக் காத்துக்கெண்டே சொல்லிச் செய்விச்சது ரீச்சர். அசையாது. பந்து பட்டா எப்பிடிப் பறக்குமெண்டு காட்டட்டோ?"

போனை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். எனக்கு முதலே தெரிந்துவிட்டது. அதே பாட்டு. பந்து வந்தது, ஸ்டம்ப் சாய்ந்தது, பெயில் எழுந்தது. "பாத்தியளே, என்ன வடிவு!" என்றார் முதலாளி.

நான் கையை நீட்டினேன். அந்தப் போனைப் பறித்து நிலத்தில் அடிக்க ஒரு நொடி போதும். அண்ணா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே, "இதில கீப்பர் நான்தான் முதலாளி" என்றார்.

முதலாளிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "உண்மையோ? அதுக்குப் பிறகு உங்களை ஒரு மேட்ச்சிலயும் காணேல்லையே! ஏன் விட்டனீங்கள்?"

அண்ணா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

முதலாளி பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். "இது வீடியோவில இல்லையே அண்ணை" என்றார். "நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"ஆர் கேட்டது?" என்றார் அண்ணா. குரல் உயரவில்லை. ஆனால் என் மணிக்கட்டில் அவருடைய விரல்கள் இறுகியதில் எனக்கு நொந்தது. "நான் விழுந்து கிடக்கிறன். ஓட்டோ வரேல்ல. தலைவர் உள்ளுக்கு வந்தவர். என்னட்டை வாறார் எண்டு நினைச்சன். பெயிலைத் தேடி எடுத்தார். பொக்கெற்றில இருந்த லேஞ்சியால அதில இருந்த என்ர ரத்தத்தைத் துடைச்சார். திரும்ப ஸ்டம்பில வைச்சுப்போட்டு, அடுத்தவனை வரச்சொல்லு எண்டார். மற்றக் கண்ணால பாத்துக்கொண்டுதான் கிடந்தனான்."