நேர்ந்த முடி

பள்ளி இறுதிப் பரீட்சை தேறி, வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த நாட்களில், கோட்டாற்றுச் சந்தைக்குப் பின்னாலிருந்த சின்னப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போய்வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பனையேறி மகனுக்கு நாலெழுத்து கிடைத்ததே, அதை நாலு பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்று நானாகப் போய்க் கேட்டேன். "சம்பளம் இல்லாம வாறேன்னா வேண்டாம்னா சொல்லுவேன்?" என்று தலைமையாசிரியர் முதல் வகுப்பை என் தலையில் கட்டினார்.

சுமை தூக்குகிறவர்கள், சந்தையில் கூறு வைத்து விற்கிறவர்கள், இவர்களின் பிள்ளைகள். ஒருவன் தலையைச் சொறிந்தால் வகுப்பே சொறியும். அவ்வளவு பேன். இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், தலைகள் சுத்தமாக இருக்கவேண்டும் என்றார் தலைமையாசிரியர். நான் பக்கத்துத் தையல்காரரிடம் கத்தரிக்கோலை இரவல் வாங்கிவந்து பூவரச மரத்தடியில் உட்கார்ந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. சுகாதாரப் பாடத்தில் படித்ததெல்லாம் எனக்கு மனப்பாடம்.

மரச்சீனிக் கிழங்கு விற்கிறவளின் மகனுக்குத் தோள்வரை முடி. தன் முறை வந்ததும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான்.

"வேண்டாம் சார். அம்மை அடிக்கும்."

"அம்மைகிட்ட நான் சொல்லிக்கிடுகேன். பேன் வளத்தா மார்க்கு போடுவாங்களாலே?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வெட்டினேன். விழுந்த முடியையெல்லாம் கூட்டிப் பெருக்கி, பேன் பரவாதிருக்கத் தீ வைத்தேன்.

மறுநாள் அவன் வரவில்லை. உச்சி நேரத்தில் அவன் அம்மா தலையில் கிழங்குப் பெட்டியான கடவத்தோடு வந்தாள். சத்தம் போடுவாள் என்று பயந்தேன். போடவில்லை.

"முடி எங்க சாரே?"

எரித்துவிட்டேன் என்றேன். கடவத்தை இறக்கிவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "திருச்செந்தூருக்கு நேர்ந்த முடியாக்கும். இளையதுக்குச் சன்னி கண்டப்ப நேர்ந்தேன். அது பொழச்சுது. தையில கொண்டு குடுக்கணும்னு இருந்தோம்."

சின்ன வயசில் என் முடியும் அப்படி நேர்ந்து வளர்த்த முடிதான். என்னை இடுப்பில் வைத்து நடந்தே போய்ச் செலுத்திவந்ததை அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் முடி வளர்ந்த ஆண்பிள்ளையைக் கண்டால் எவரும் முதலில் கேட்பது, "எந்தக் கோயிலுக்கு மக்கா?" என்பதுதான். படிக்காத என் அம்மா கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை.

"வேணும்னா நான் போய் மொட்டை போட்டுட்டு வாறேன் அக்கா."

அவள் என் தலையை ஒருமுறை பார்த்தாள். "உம்ம தலை எனக்கு என்னத்துக்கு? திரும்ப வளரட்டு. குடுத்த பொறவு அனுப்புகேன். அதுவரைக்கும் இந்த வாசல்ல விடமாட்டேன்."

முடி வளர ஒரு வருஷமாவது ஆகும். அதற்குள் அவன் தலையில் கடவம் ஏறிவிடும். அப்படி நின்றுபோனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். வரிசையாக ஒட்ட வெட்டிய தலைகளைப் பார்த்து, "சபாஷ்" என்று என் தோளில் தட்டினார். அவன் இடம் காலியாகக் கிடந்தது. அன்று சாயங்காலமே, பையனை அனுப்பச் சொல்லிக் கேட்க, சந்தையில் அவள் கூறு வைத்திருந்த இடத்துக்குப் போனேன். முகம் கொடுக்கவில்லை. மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். பக்கத்து மீன்காரி, "கெழங்கு வாங்காத ஆளுக்கு இங்க என்ன சோலி?" என்று கேட்டுச் சிரித்தாள்.

கடைசியில் அவளே கேட்டாள். "பேன் பாத்து எடுப்பீரா?"

"எடுப்பேன்."

"கத்தரி?"

"தொடமாட்டேன்."

மறுநாள் அவனை அனுப்பினாள். இப்போது மணி அடிப்பதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறேன். வளர்ந்துவரும் அந்தத் தலையை மடியில் வைத்துப் பேன்சீப்பால் வாருகிறேன். "ஏலே, சாரு அம்மையாயிட்டாருடே!" என்று பெரிய வகுப்புப் பையன்கள் ஓடுகிறார்கள். ஓடட்டும்.

சீப்பை எடுத்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: "தங்கச்சி எப்படியிருக்கா?"

"நல்லாருக்கா சார்."

ஒருநாள், "ராத்திரி அவளுக்குச் சூடு அடிச்சுது சார்" என்றான். என் கை நின்றுவிட்டது. நேர்ச்சைக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று பாடம் ஓடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அவர்கள் குடிசைக்கு ஓடினேன். குழந்தை மரச்சீனித் தொலியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

"கடவாப்பல்லு மொளைக்குது சாரே," என்றாள் அவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இரியும். தண்ணி குடியும்," என்றாள்.

குடித்தேன். மறுநாள் காலையிலும் அதைத்தான் முதலில் கேட்டேன்.