இருபத்தெட்டு அவுன்ஸ் எலி

கலியாணமாகி நாலு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த நான், வெள்ளவத்தையில் ஒரு வெள்ளை எலியை வளர்த்தேன். அந்த எலிக்காக மாமியாரோடு சண்டை பிடித்து அவரை யாழ்ப்பாணத்துக்கு ரயிலேற்றினேன். இந்தக் கதை சொந்தக்காரர் மத்தியில் பல விதமாக உலாவியது. ஒருவர் சொன்னதில் எனக்குப் பேய் பிடித்திருந்தது. இன்னொருவர் சொன்னதில் நான் எலிக்குத் தொட்டில் கட்டி ஆட்டினேன். தொட்டில் ஒன்றும் கட்டவில்லை. மிச்சத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு இரண்டொரு வருஷம் முந்திய காலம். என் கணவர் கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பறங்கிப் பெண்மணியின் வீட்டுக்குப் பின்னாலிருந்த அனெக்ஸில் குடியிருந்தோம். ஒரு நாள் பின்னேரம் கணவர் துளை போட்ட பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு வெள்ளை எலிக்குஞ்சு. மருத்துவப் பரிசோதனைக்கு எலி வளர்க்கும் இடமொன்றில், தேவைக்கு அதிகம் என்று கொல்ல ஒதுக்கியிருந்த ஒன்றாம். அங்கே வேலை செய்த சிநேகிதர் ஒருவர் கொடுத்திருக்கிறார்.

“பகல் முழுக்கத் தனிய இருக்கிறீர்” என்றார்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் பிளேக் வந்த நாட்களை மறக்காத ஊர் அது. எலி என்றாலே ஆட்கள் நாலடி தள்ளி நிற்பார்கள். அதனாலேயே எனக்கு அந்தக் குஞ்சைப் பிடித்துப் போயிற்று. என்னைக் கண்டும் சிலர் தள்ளி நின்ற காலம் அது. வளைகாப்பு வீடுகளுக்கு எனக்கு அழைப்பு வருவதில்லை. பெயர் எதுவும் வைக்கவில்லை. “டேய்” என்றால் வருவான். அவனை ‘அது’ என்று எழுத இப்போதும் எனக்கு மனம் வரவில்லை.

கார்த்திகையில் பிள்ளையார் கதைக்கென்று மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றார். இருபத்தொரு நாள் விரதம். வந்த முதல் நாள் எலியைக் கண்டு அலறியவர், இரண்டாம் நாள் காலையில் குளித்துத் திருநீறு பூசி, மோதகம் ஒன்றை வாழையிலைத் துண்டில் வைத்து அவன் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

“மாமி, என்ன செய்யிறியள்?”

“பிள்ளையாற்ரை வாகனம் வீடு தேடி வந்திருக்கு. நீ அதைப் பழைய அலுமாரிக்குள்ளை அடைச்சு வைச்சிருக்கிறாய்” என்றார்.

அத்தோடு நிற்கவில்லை. சிவன் கோயிலில் நந்தியின் காதில் வேண்டுதலைச் சொன்னால் சிவனுக்குப் போகும் என்றால், எலியின் காதில் சொன்னது பிள்ளையாருக்குப் போகாதா என்பது மாமியின் கணக்கு. குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். என் வயிற்றைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒரு கிழமைக்குள் ஒழுங்கை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் தட்டோடு வரத் தொடங்கினார்கள். மோதகம், அவல், கடலை, நெய் வடியும் சர்க்கரைப் பொங்கல். ஒருத்திக்கு மகளின் கலியாணம், இன்னொருத்திக்கு மகனின் பள்ளிக்கூடச் சோதனை. எல்லாம் அவன் காது வழியாகப் போயிற்று, எல்லாம் அவன் வயிற்றில் சேர்ந்தது. போகும்போது என்னிடம், “விசேஷம் ஒண்டும் இல்லையோ?” என்று கேட்க மறப்பதில்லை.

தைப்பொங்கல் கழிந்தபோது அவனால் அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏற முடியவில்லை. நாலடி நடந்தால் பக்கம் சரிந்து படுத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். வீட்டுக்காரப் பெண்மணி ஒருநாள் அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“சைல்ட், இது எலி இல்லை, பூசணிக்காய். என்னோட நாயும் இப்பிடித்தான், தின்னு தின்னு மூச்சடைச்சுச் செத்தது. கொழுப்பைக் கொறைக்காட்டி ரெண்டு மாசம்தான்.”

சீதனத்தோடு வந்த பித்தளைத் தராசை அன்றுதான் முதன்முதலாக வெளியே எடுத்தேன். ஒரு தட்டில் அவன், மறுதட்டில் படிக்கற்கள். ஒரு இறாத்தலும் பன்னிரண்டு அவுன்ஸும். மொத்தம் இருபத்தெட்டு அவுன்ஸ். அவன் வயது எலிக்குப் பதினெட்டே கூட என்றார் கணவரின் சிநேகிதர். எனக்கு வந்த கோபத்தில் ஒழுங்கைப் பெண்கள் அத்தனை பேரையும் தராசில் ஏற்றியிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் நின்றேன். “எலிக்குச் சுகமில்லை. தட்டைத் திருப்பிக் கொண்டு போங்கோ” என்றேன். ஒருத்தி தட்டைக் கீழே வைக்கப் பார்த்தாள். எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன்.

உள்ளே வந்தால் மாமி.

“வாகனத்தைப் பட்டினி போட்டால் உன்ரை வயிறு எப்பிடித் திறக்கும், பிள்ளை?”

“என்ரை வயிறு மூடியே கிடக்கட்டும், மாமி. இனி இவனுக்கு ஒருத்தரும் ஒண்டும் குடுக்கக் கூடாது.”

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

பிறகு நான் வேலையைத் தொடங்கினேன். ஊறவைத்த பயறு ஒரு தேக்கரண்டி, கங்குன் கீரைத் தண்டு, வெள்ளரிக்காய்த் துண்டு, அவ்வளவுதான். அதையும் ஓரிடத்தில் வைப்பதில்லை. பயறைக் காகிதத்தில் முறுக்கி விறாந்தையில் நாலு மூலையிலும் ஒளித்து வைப்பேன். ஜன்னலுக்கு ஒரு பலகையைச் சாய்த்து, உச்சியில் வெள்ளரிக்காயை வைப்பேன். முதல் நாலைந்து நாள் அவன் பலகையின் அடியில் குந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் துண்டைக் கீழே இறக்கவில்லை. ஆறாம் நாள் பாதிவரை ஏறி, சறுக்கி விழுந்து, திரும்பவும் ஏறினான். உச்சியில் உட்கார்ந்து அவன் வெள்ளரிக்காயைக் கடித்த சத்தத்தைக் கேட்டு நான் தனியே கைதட்டினேன்.

முதல் கிழமை அரை அவுன்ஸ் குறைந்தது. அடுத்த கிழமை இன்னொரு அரை. அதற்குப் பிறகு தராசு அசையவே இல்லை. இருபத்தேழு, இருபத்தேழு, பிறகு இருபத்தேழரை. பலகையில் ஏறுகிறான், கீரைதான் தின்கிறான், எடை மட்டும் கூடுகிறது. யாரோ கொடுக்கிறார்கள். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். சந்தேகப்பட எனக்கு ஓர் ஆள்தான் தெரிந்தது.

“அவன் சாகட்டும் எண்டே குடுக்கிறியள்?” என்று மாமியைக் கேட்டேன். கணவரும் பக்கத்தில்தான் நின்றார்.

மாமி சாமியறைக்குப் போய்க் கற்பூரத்தைக் கொளுத்தி, அதன் மேல் கையால் அடித்து அணைத்தார். “நீ சொன்ன நாளிலை இருந்து என்ரை கையாலை ஒரு பயறு போடேல்லை. இது சத்தியம்.”

கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் எங்கள் ஆட்கள் வாய் திறப்பதில்லை. நான் திறந்தேன். “கற்பூரம் பொய்யையும் கேக்கும், மாமி” என்றேன்.

மறுநாள் மாமி பெட்டியைக் கட்டினார். நான் தடுக்கவில்லை. கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோட்டை ஸ்டேஷனுக்குப் போனார். திரும்பி வந்தும் ஒரு சொல் பேசவில்லை. அம்மா போன கவலை என்று நினைத்தேன். அவர் என் பக்கம் நிற்கிறார் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. பிள்ளைப் பேச்சு எப்போது வந்தாலும், “எனக்கு நீர் ஒராளே காணும்” என்பார். அந்த ஒரு சொல்லின் பலத்தில்தான் நான் அவ்வளவு பேரோடும் மல்லுக்கு நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் முழுகக் கிணற்றடிக்குப் போனேன். எண்ணெயும் சீயாக்காயும் வைத்து முழுகி வர வழமையாக ஒரு மணித்தியாலம் ஆகும். அன்று முதல் வாளியிலேயே கயிறு அறுந்துவிட்டது. வேறு கயிறு எடுக்க வந்தவள் விறாந்தை வாசலில் நின்றுவிட்டேன்.

கந்தோர்க் கோட்டும் சப்பாத்துமாக அவர் நிலத்தில் குந்தியிருந்தார். எலி அவர் உள்ளங்கையில் இருந்தான். அவன் வாயில் ஓர் எள்ளுருண்டை. அவர் அவன் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்: “அவளுக்கு ஒரு பிள்ளையைக் குடுக்கச் சொல்லு. எனக்கும் வேணும் எண்டு சொல்லு.”

ஓடிப்போய் எலியின் வாயிலிருந்து எள்ளுருண்டையைப் பிடுங்கினேன். அவன் என் விரலைக் கடித்தான். இரத்தம் வந்தது. நான் விடவில்லை.

“உங்கடை அம்மா கற்பூரம் அடிச்சவ. நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.”

அவர் தலை குனிந்திருந்தார்.

“இவன் தின்னத் தின்னச் செத்துக்கொண்டிருக்கிறான். அதையும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்? எலியிட்டைக் கேக்கிறதை என்னட்டைக் கேளுங்கோ.”

“கேட்டால் நீர் அழுவீர்.”

“அழுதால் என்ன? செத்தா போவன்?”

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போய் முடிந்தது. பிறகு அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “உமக்கு வேணுமே?” என்று கேட்டார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக.

“ஓம்” என்றேன்.

அந்தச் சொல்லை அதுவரை நான் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. மாமிக்கு இல்லை, ஒழுங்கைக்கு இல்லை, எனக்கே இல்லை. சொன்ன உடனே, அவர் பயந்ததுபோலவே அழுதேன். அவரும் அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னும் கிடக்கோ?” என்று கேட்டேன். கோட்டுப் பையைக் கவிழ்த்தார். காகிதத்தில் சுற்றிய நாலு எள்ளுருண்டைகள். எலியை அலுமாரிக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, விறாந்தைப் படியில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டாகத் தின்றோம். அன்று அவர் கந்தோருக்குப் போகவில்லை.

மாமிக்குக் கடிதத்தை அவர் கையாலேயே எழுத வைத்தேன். அடியில் நானும் இரண்டு வரி மன்னிப்பு எழுதினேன். எனக்கு அது லேசில் வரவில்லை, மூன்று காகிதம் கிழித்தேன். ஆவணியில் எலி பத்தொன்பது அவுன்ஸுக்கு வந்துவிட்டான். கார்த்திகையில் திரும்பி வந்த மாமி, பலகையில் அவன் ஓடி ஏறுவதைக் கண்டு, “இப்பதான் ஒரு வாகனம் மாதிரி இருக்கு” என்றார். மோதகத்தை எனக்குத் தந்தார். அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் அவன் இருந்தான்.

பிள்ளை எங்களுக்குக் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் கோயிலில் பெண்கள் கேட்டால், எங்களுக்கு அப்படியொன்றும் ஆசையில்லை என்று தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். அதைத்தான் வீரம் என்று நினைத்திருந்தேன். எள்ளுருண்டை தின்ற அதே வருஷம் தேர்த் திருவிழாவில் ஒருத்தி கேட்டாள். பக்கத்தில் நின்ற கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு பேருக்கும் வேணும். கிடைக்கேல்லை” என்றேன். அவள் தேரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நாங்களும் திரும்பிப் பார்த்தோம், கையை விடாமல்.