ஓடுகிற கேமரா

கேமரா ஓடுகிறது என்றால் என்ன அர்த்தம்? தையல்காரி இப்படிக் கேட்டபோது அந்த அறையில் இருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. அதே தெருவில் குடியிருந்து இதை எழுதுகிற எனக்கும் அன்று தெரியாது.

தையல்காரியின் கணவருக்குத் தெருவில் ‘டூட்டி’ என்று பெயர். ஒரு சரக்குக் கிடங்கில் காவல் வேலை. விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் “டூட்டி இருக்கே” என்பார், கடைக்குப் போகச் சொன்னாலும் “டூட்டி இருக்கே” என்பார். வேலையில் நாள் முழுக்கத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலாளர் போன் செய்யும்போதெல்லாம், “எல்லாக் கேமராவும் ஓடுது சார்” என்பார். திரையில் படம் தெரிந்தால் ஓடுகிறது, தெரியாவிட்டால் ஓடவில்லை. அவருக்குத் தெரிந்த கேமரா சாஸ்திரம் அவ்வளவுதான்.

தையல்காரி வெளியே போயிருந்தால், தைக்க வேண்டிய துணியைப் பையோடு வாசல் நாற்காலியில் வைத்துவிட்டுப் போவது அந்தத் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். யார் வைத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று அடிக்கடி சச்சரவு வரும்.

“ஊரான் சாமானுக்கெல்லாம் காவல் இருக்கீங்க. நம்ம வாசலுக்கு ஒரு கேமரா கிடையாதா?” என்றாள் ஒருநாள். “தெரிஞ்ச ஆள் யாரையாவது வச்சு மாட்டுங்க.”

“கேமராவோட குடித்தனம் நடத்துறவன் நான். எனக்கு ஆள் வேணுமா?”

மூடிப்போன ஒரு கடையிலிருந்து, கேமராப் படத்தைச் சேர்த்துவைக்கும் பதிவுப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தது அவளுடைய தம்பி. “நல்ல பொட்டி மாமா. ஆனா காலியா இருக்கு, பாத்துக்குங்க.” கடையின் பழைய படங்களை அழித்துவிட்டுத்தான் தருகிறான் என்று டூட்டி நினைத்துக்கொண்டார். “காலியா இருந்தா நமக்கு நல்லதுதானே மாப்ள” என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

விடுமுறை நாளில் வேலை ஆரம்பமானது. துளை போட்டதில் சுவர்ப்பூச்சு பெயர்ந்து விழுந்தது. குருவி கூடு கட்டும் அளவுக்கு ஓட்டை. தையல்காரி அதில் வெட்டுத்துணியைத் திணித்துவிட்டுப் போனாள். வயர் டிவி வரைக்கும் எட்டவில்லை. டிவியை ஜன்னலோரம் நகர்த்தினார், அங்கே இருந்த தையல் மிஷின் இருட்டு மூலைக்குப் போனது. வயர் நுனியில் ‘பின்’னை எத்தனை தடவை மாட்டினாலும் கழன்று கழன்று வந்தது. கடைசியில் படம் வந்தபோது தெருவே தலைகீழாக நடந்தது.

“என்னங்க, எல்லாரும் வௌவால் மாதிரி தொங்குறாங்க?”

“கொஞ்சம் வாயை மூடிட்டு இரு.”

கேமராவைத் திருப்பி மாட்டினார். பெட்டி கடவுச்சொல் கேட்டது. புதிதாக ஒன்றைப் போட்டார். மறுபடி கேட்டபோது போட்டது மறந்துவிட்டது. மச்சினன் போனிலேயே வழி சொல்லிச் சரி செய்தான். அதெல்லாம் முடிந்து நிமிர்ந்தால், பெட்டி ‘பீப், பீப்’ என்று கத்த ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

இது மட்டும் டூட்டிக்குத் தெரிந்த விஷயம். கிடங்கிலும் பெட்டி இப்படிக் கத்தும். மெனுவுக்குள் போய்ச் சத்தத்தை நிறுத்த வேண்டும், பிறகு டெக்னீஷியனுக்குப் போன் போட வேண்டும். அதுதான் அங்கே முறை. டெக்னீஷியன் வந்து என்ன செய்வார் என்று அவர் எட்டிப் பார்த்ததில்லை. இங்கேயும் மெனுவுக்குள் போய்ச் சத்தத்தை நிறுத்தினார். போன் போடத்தான் யாரும் இல்லை, இந்த வீட்டில் டெக்னீஷியனும் அவரே.

“ஏன் கத்துச்சு?”

“புதுசுல அப்படித்தான் கத்தும். இப்ப பாரு, ஜம்முனு ஓடுது.”

உண்மைதான். வாசலும் நாற்காலியும் திரையில் பளிச்சென்று தெரிந்தன. தையல்காரி அதற்குப் பிறகு நிம்மதியாக வெளியே போய்வந்தாள்.

ஒருநாள் வங்கி மேடம் வந்தார். வங்கியில் வேலை, தெருமுனையில் வீடு. வாசலில் நின்றே சத்தம் போட்டார். “என் தங்கச்சி கோட்டு எங்கம்மா? கை நீளத்தைக் குறைக்கச் சொல்லி போன வாரமே இந்த நாற்காலியில வச்சுட்டுப் போனேனே?”

“கோட்டே வரலையே மேடம்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. தையல்காரி பதறவில்லை. “வச்சிருந்தா கேமராவுல இருக்கும். எல்லாரும் உள்ள வாங்க, பாத்துடலாம்.”

கேமரா என்றதும் மேடத்தின் முகம் சுருங்கிப்போனது. உள்ளே வந்து ஒரு நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். “ஒருவேளை தங்கச்சியே கொண்டு வந்தாளோ என்னவோ” என்று முணுமுணுத்தார்.

டூட்டி மவுஸைப் பிடித்தார். போன வாரத்தைத் திறந்தார். ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய வாரம், ஒன்றும் இல்லை. அன்றைய காலையைத் திறந்தார். அதுவும் இல்லை.

“ஏங்க, ஓடுதுன்னீங்களே?”

“ஓடுதே! இப்பவும் ஓடுது பாரு!”

“ஓடுதுன்னா என்னங்க அர்த்தம்?”

மேடம் எழுந்தார். இப்போது குரல் கணீரென்று வந்தது. “அதானே பாத்தேன். கோட்டை எடுக்கிறதும் நீங்க, படத்தை அழிக்கிறதும் நீங்க.”

அவர் போனதும் மச்சினனுக்குப் போன் பறந்தது. “பொட்டி காலின்னு அன்னைக்கே சொன்னேனே மாமா! ஹார்ட் டிஸ்க்கைக் கடைக்காரர் கழட்டிட்டுப் போயிட்டாரு. அது இல்லாம எதுல பதியும்? பீப்பு பீப்புன்னு கத்தியிருக்குமே?”

“கத்துச்சுடா” என்றாள் தையல்காரி, பக்கத்திலிருந்து. “இவருதான் அதோட வாயை அடைச்சாரு.”

அன்றிலிருந்து நாற்காலியில் பை வைக்க ஆளில்லை. வந்த ஓரிருவரும் துணியை அவள் கையில் கொடுத்து, “பத்திரம்மா” என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்கள். பல நாள் மிஷின் சும்மாவே கிடந்தது. டூட்டி டிஸ்க் வாங்கிப் போட்டார். வேலைக்குப் போகுமுன் முந்தைய நாள் படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். கிடங்கிலும், “ஓடுது சார், பதியவும் செய்யுது சார்” என்றார். “என்னய்யா புதுசா?” என்று மேலாளர் சிரித்தார். டூட்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் வங்கி மேடம் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “கோட்டு தங்கச்சி கார் டிக்கியிலேயே கிடந்திருக்கு. தப்பா எடுத்துக்காதே” என்றார்.

“இதைக் கொஞ்சம் சத்தமா, தெருவுல நாலு பேர் கேக்கச் சொல்லுங்க மேடம்.”

“அதெல்லாம் எதுக்கு? விட்டுத் தள்ளும்மா.” போயே போய்விட்டார்.

டூட்டி வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “பதிஞ்சிருக்கா பாருங்க” என்று இழுத்துக்கொண்டு போனாள். பதிந்திருந்தது. மேடம் வந்தார், கையைப் பிடித்தார், உதடு அசைந்தது, போனார். டூட்டி டிவியின் சத்தத்தைக் கூட்டினார். முழுக்கக் கூட்டினார்.

“சத்தம் எங்கங்க?”

“இந்தக் கேமராவுக்குக் காது கிடையாது” என்றார் மெல்ல.

“கத்துனப்ப வாயை அடைச்சீங்க. பேச வேண்டிய நேரத்துல இது ஊமையாயிடுச்சு.” அவள் இருட்டு மூலைக்குப் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

அவர் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார். பார்த்துவிட்டு அவர்கள், “பாவம், மேடத்துக்கு எவ்வளவு பெரிய மனசு! கையைப் பிடிச்சு மன்னிச்சுட்டுப் போறாங்க” என்றார்கள்.

அதனால்தான் இதை எழுதினேன். படமாகப் பதிந்ததற்கு வாய் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். அந்தக் கோட்டு அந்த நாற்காலிக்கு வரவே இல்லை என்று, பார்க்கிறவர்களிடமெல்லாம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.