துரையின் மூங்கிலும் அப்பாவின் நெஞ்சுத்தோலும்

அன்று ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, ஆற்றங்கரைப் பனைகளின் அடியில் அப்பா இருந்தார், மாமா இருந்தார், நான் இருந்தேன். அம்மா இல்லை. அவள் எங்கள் தோட்டத்தில், விளையில், பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் இருந்திருந்தால் இது நடந்தே இராது.

அந்த வழியாக வந்த வெள்ளைக்காரத் துரை, மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கம்பியில்லாத் தந்தியைச் சோதித்துப் பார்க்கிறவர். வண்டியின் பக்கவாட்டில் மூன்றாள் உயர மூங்கில். அதன் உச்சியிலிருந்து செம்புக் கம்பி இறங்கி ஒரு மரப்பெட்டிக்குள் போகும். கரடுமுரடான பாதையில் குலுங்கி, கட்டியிருந்த வார் அறுந்து, மூங்கில் எங்கள் முன்னால்தான் சாய்ந்தது. அவர் சணல் கயிற்றால் கட்டிப் பார்த்தார். வண்டி பத்தடி போவதற்குள் நெகிழ்ந்துவிட்டது.

அப்பா பனையேறி. மரம் மார்பை அறுக்காமலிருக்கக் கட்டிக்கொள்ளும் நெஞ்சுத்தோலை அவிழ்த்தார். பாளை சீவும் அரிவாளால் அதை வார்வாராகக் கீறினார்.

"என்ன அத்தான், நெஞ்சுத்தோலையா அறுக்கீரு? அக்கா கேட்டா என்ன சொல்லுவீரு?" என்றார் மாமா.

"நீ சொல்லாம இருந்தாச் சரி. இத ஆத்துல நனச்சிட்டு வாலே."

ஈரத்தோலைச் சுற்றிக் கட்டினால் காயக் காயத் தானே இறுகும். அப்பா கட்டி முடித்து, வெயிலில் ஐந்தாறு நாழிகை விட்டபின், துரை மூங்கிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்; வண்டிதான் ஆடியது. சட்டைப் பைக்குள் கைவிட்டார். அப்பா வேண்டாமென்று தலையசைத்து, என்னை முன்னால் தள்ளினார்.

"பய ஒருவாட்டி கேக்கணும் துரை. பள்ளியோடத்துல சேத்திருக்கேன்."

துரை மரப்பெட்டியோடு இணைந்த கேட்கும் கருவியை என் காதில் பொருத்தினார். முதலில் ஓலைகளுக்குள் காற்று புகுந்தாற்போல் ஓர் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து, வெகு தொலைவில், டிக், டிக்டிக், டிக். தூத்துக்குடிக் கடலில் ஒரு கப்பல் பேசுகிறது என்று துரை தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பனையும் ஆறும் வெயிலும் எங்கோ விலகிப் போக, நான் மட்டும் தண்ணீரின் மேல் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னலே சொல்லுதான்?" என்றார் அப்பா.

"தெரியலப்பா. ஆனா நிறுத்தாம சொல்லிக்கிட்டே இருக்கான்."

அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது. தாமும் கேட்கவேண்டுமென்று அவர் சொல்லவில்லை.

அந்தப் பருவம் முழுதும், தினம் முப்பது மரம், வெறும் மார்போடு ஏறினார். சாயங்காலங்களில் நான் அவர் மார்பில் காதை வைத்துக் கப்பலைத் தேடுவேன். அவர் வெடுக்கென்று என்னை விலக்கிவிட்டு, அம்மா குழைத்துவைத்த மஞ்சளும் எண்ணெயுமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். என்மேல் ஏதோ கோபம் என்றே நினைத்திருந்தேன். ஆடி கழிந்து, கருப்பட்டி விற்ற காசு கைக்கு வந்த பிறகுதான் புதுத்தோல் வாங்கினார்கள். ஒன்றே கால் ரூபாய்.